பட்டறைக் கேள்வி பதில்: நடவு மெஷின் எங்கே கோட்டை விட்டது?

நீடாமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்: குறுவை நெல்லுக்கு வாடகை நடவு மெஷின் வைத்து ஆறு மா நிலத்தில் (சுமார் இரண்டு ஏக்கர்) நட்டேன். வரிசையெல்லாம் ஓட்டை, பல இடங்களில் நாற்று மிதக்கிறது. பக்கத்து வயலில் அதே மெஷின் சுத்தமாக நட்டிருக்கிறது. ஓட்டியவர் அவசரத்தில் ஏமாற்றிவிட்டாரா?

அதே மெஷின், அதே ஆள், பக்கத்து வயலில் பிசகில்லை. அய்யா, பாதி விடையை நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள்.

முதலில் ஓட்டையைப் பார்ப்போம். மெஷினின் கொக்கி, தட்டில் பாய் மாதிரி அடர்த்தியாக வளர்த்த நாற்றிலிருந்து (நாற்றுப் பாய்) ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு துண்டைக் கிள்ளும். அந்தத் துண்டில் நாற்று இருந்தால் நாற்றை நடும், இல்லாவிட்டால் வெறும் மண்ணை நட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். நடவுக்கு வருகிற பெண்கள் நாற்றுக் கட்டைப் பிரித்து, சோடை நாற்றை ஒதுக்கி, குத்துக்கு, அதாவது ஊன்றுகிற ஒவ்வொரு இடத்துக்கும், எத்தனை நாற்று என்று விரலாலேயே கணக்குப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கு மெஷினுக்குத் தெரியாது. நீங்கள்தான் பாயிலேயே போட்டுக் கொடுக்க வேண்டும். பாய்க்கு ஏழு பங்கு மண், இரண்டு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு உமி. மண்ணைக் கட்டாயம் சலிக்கணும். ஒரு கூழாங்கல் போதும், கொக்கி வளைந்து என் பட்டறைக்கு வந்து சேரும். முளைகட்டிய விதையைத் தட்டு முழுக்க ஒரே சீராகத் தூவுங்கள். சாதாரண நாற்றங்காலுக்கு வீசுகிற மாதிரி வீசினால் ஒரு பக்கம் அடர்த்தி, ஒரு பக்கம் வழுக்கை.

அடுத்தது நாற்றின் வயது. மெஷினுக்கு 14 நாள் முதல் 18 நாள் வரை உள்ள நாற்று வேண்டும். நம் பக்கம் என்ன நடக்கிறது? ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும் என்று நம்பிப் பாய் போட்டுவிடுகிறோம். வாய்க்காலில் தண்ணீர் வந்து, உழுது, மெஷின் முறை கிடைப்பதற்குள் நாற்று 25 நாளைத் தாண்டிவிடுகிறது. வேர் பின்னிக்கொள்வதால் கொக்கி கிள்ளும்போது நாற்று கிழியும். கைநடவுக்கு அந்த நாற்று தாங்கும், மெஷினுக்குத் தாங்காது. பம்புசெட் இல்லாதவர்கள் மெஷின் தேதியைப் பேசி முடித்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாய் போடுங்கள்.

மிதப்பதற்குக் காரணம் சேறு. காலையில் பரம்படித்து, அதாவது சேற்றைச் சமன் செய்துவிட்டு, மத்தியானமே மெஷினை இறக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நம் களிமண் படிய இரண்டு நாளாவது வேண்டும், மணல் கலந்த நிலத்துக்கு அவ்வளவு தேவையில்லை. சேற்றில் விரலால் ஒரு கோடு இழுங்கள். இழுத்த கையோடு மூடிக்கொண்டால் இன்னும் படியவில்லை. மெதுவாகக் கரை சரிந்து மூடினால் மெஷினைக் கூப்பிடலாம். நடும்போது தண்ணீர் ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் இரண்டு. வயலில் மேடு பள்ளம் இருந்தால் பள்ளத்து நாற்று மிதக்கத்தான் செய்யும்.

இப்போதைக்கு, மிச்சப் பாய் இருந்தால் ஒரு வாரத்துக்குள் ஆள் விட்டு ஓட்டையை நிரப்புங்கள். மெஷின் திரும்ப முடியாத மூலைகளுக்கும் கை நாற்றுதான்.

வலங்கைமானிலிருந்து ஒரு வாசகி: நடவு மெஷின் வரிசைக்கு வரிசை ஒரு அடி விட்டு நடுகிறது. வயல் வெறிச்சென்று இருக்கிறதே, குறைக்க முடியாதா?

முடியாது அம்மா. அந்த 30 சென்டிமீட்டர் மெஷினோடு பிறந்தது. வரிசைக்குள் குத்துக்குக் குத்து இடைவெளியைத்தான் மாற்றலாம். ஆடுதுறை 43 மாதிரிக் குறுகிய கால ரகத்துக்கு நெருக்கி வையுங்கள், சி.ஆர். 1009 மாதிரி நீண்ட கால ரகம் என்றால் தள்ளி வைக்கலாம், பக்கக் கிளை விட்டுத் தூர் கட்டி அடைத்துக்கொள்ளும். களை எடுக்கிற கோனோவீடரை வரிசைக்கு நடுவே ஓட்டும்போது அந்த இடைவெளியின் அருமை தெரியும்.

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்: வீடு கட்டுகிற இடத்தில் ஒரு வேப்பமரம், அடிமரம் எட்டு அங்குலக் கனம். ஜேசிபிக்காரர் ஒரு மணி நேரத்தில் பெயர்த்துக் கொல்லையில் நட்டுத் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

பெயர்த்துவிடுவார், பிழைக்காது. ஜேசிபி வாளி வேரை வெட்டுவதில்லை, பிய்க்கிறது. பிய்ந்த வேர் அழுகும்.

அடிமரக் கனம் ஒரு அங்குலத்துக்குக் குறைந்தது பத்து அங்குல அகலத்தில் வேர்மண் வர வேண்டும். உங்கள் மரத்துக்கு ஆறரை அடிக்கு மேல். மூன்று அடி ஆழம் எடுத்தால் எடை மூன்று டன்னுக்குக் குறையாது. அதைத் தூக்கக் கிரேன் வேண்டும். வெளிநாட்டில் மூன்று நான்கு இரும்பு மண்வெட்டிகள் ஹைட்ராலிக்கில் நாலு பக்கமும் இறங்கி, மண்ணோடு மரத்தைத் தூக்கும் வண்டியே இருக்கிறது. இந்தப் பக்கம் வாடகைக்கு வந்து நான் பார்த்ததில்லை. அதனால் கை வேலைதான். வைகாசியில் பாதி வட்டம் குழி வெட்டி, வேரை ரம்பத்தால் அறுத்து, எருவும் மண்ணும் போட்டு மூடுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபாதி. வெட்டிய இடத்தில் புது வேர் விட்ட பிறகு, புரட்டாசியில் வேர்மண்ணைச் சணல் சாக்கால் சுற்றிக் கட்டித் தூக்கலாம். பெல்ட்டை வேர்மண்ணுக்கு அடியில் கொடுக்கச் சொல்லுங்கள். அடிமரத்தில் மட்டும் மாட்டித் தூக்கினால் பட்டை உரிந்துவிடும். நட்டதும் மூன்று பக்கம் கயிறு கட்டுங்கள். 2018-ல் கஜா புயல் அடித்தபோது வேரோடு நின்ற தென்னையே உங்கள் ஊரில் எப்படிச் சாய்ந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு செய்தும் வேம்பு ஏமாற்றலாம், ஆணிவேர் ஆழம். செலவைக் கேட்டுவிட்டு யோசியுங்கள். நிழல்தான் வேண்டுமென்றால் கொல்லையில் ஒரு பூவரசம் போத்தை (வெட்டிய கிளையை) ஊன்றிவிடலாம், அதற்குக் கடப்பாரை போதும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகர்: பெட்ரோலில் ஓடும் குழி போடும் கருவி வாங்கி வரப்போரம் கன்று வைத்தேன். இரண்டு வருடமாகியும் வளரவில்லை.

ஈரக் களிமண்ணில் அந்தத் திருகு சுற்றினால் குழியின் சுவர் பானையின் உள்பக்கம் மாதிரி வழவழவென்று ஆகிவிடும். வேர் அதைத் துளைக்க முடியாமல் உள்ளேயே சுற்றும். தண்ணீரும் வடியாமல் தேங்கும். இனிமேல் குழி போட்டதும் சுவரை நாலு பக்கமும் கடப்பாரையால் கீறிவிடுங்கள், மண் கையில் ஒட்டாத பக்குவத்தில் மட்டும் கருவியை ஓட்டுங்கள். ஏற்கெனவே வைத்த கன்றுகளில் ஒன்றைத் தோண்டி வேரைப் பாருங்கள். சுருண்டிருந்தால் மற்றதையும் எடுத்து, சுருளை அறுத்து, அகலமான குழியில் மறுபடி வையுங்கள்.