ஒரு பாயிண்ட் டவர்ல கவாத்து வீடியோ

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிங்க நாங்க சிலபேர் சேர்ந்து கவாத்து பண்றத, அதாவது செடிய வெட்டி விடறத, வீடியோ எடுத்து எங்க ஆப்ல போடறோம். டவுன்ல வைஃபைல பாக்கறவங்களுக்கு பளிச்சுனு ஓடுது, தோட்டத்துல ஒரு பாயிண்ட் டவர்ல பாத்தா வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு. குவாலிட்டிய குறைச்சா டவுன்காரங்க திட்றாங்க. என்னதாங்க பண்றது?
- வாசகர், கோத்தகிரி

பதில்: ஒரே ஃபைல எல்லாருக்கும் ஊட்டுனா இப்படித்தாங்க. 1080பி-ய செகண்டுக்கு 5 மெகாபிட்ல வெச்சா 10 நிமிஷ வீடியோவே 375 எம்பி, தினம் 1.5 ஜிபி பேக் போட்டவர் 4 வீடியோ பாத்தா அன்னைக்கு நெட்டு காலி. அதையே 240பி, 400 கிலோபிட்ல குடுத்தா 30 எம்பிதான்.

அதனால 240, 360, 720னு மூணு நாலு சைஸ்ல என்கோட் பண்ணி, ஒவ்வொண்ணையும் 6 செகண்ட் துண்டா வெட்டி வைங்க. ஆப்பிள் 2009-ல கொண்டுவந்த எச்எல்எஸ்ங்கற வீடியோ அனுப்பற முறை இதான், டேஷ்னு இன்னொரு முறையும் கிட்டத்தட்ட இதே கதை. முந்தின துண்டு எவ்வளவு வேகமா வந்துச்சு, இறங்கி இன்னும் ஓடாம எவ்வளவு வீடியோ கையில மிச்சம் இருக்குன்னு பாத்து போன்ல இருக்கற பிளேயரே அடுத்த துண்டு எந்த சைஸ்னு எடுத்துக்கும், குன்னூர் ரோட்ல வளைவுக்கு வளைவு கியர் மாத்துற டிரைவர் மாதிரி. ஆனா எல்லா சைஸ்லயும் கீஃப்ரேம், அதாவது முழுசா அனுப்பற படம், ஒரே நேரத்துல விழணும், 2 செகண்டுக்கு ஒண்ணுன்னு வைங்க, இல்லேன்னா மாறும்போது படம் குதிக்கும். முதல் துண்டு சின்ன சைஸ்ல ஆரம்பிக்கட்டும், ரெண்டு துண்டு மங்கலா ஓடுனா யாரும் ஓடிப்போக மாட்டாங்க, வட்டம் சுத்துனாதான் போயிடுவாங்க.

இன்னொண்ணு, நீங்க அனுப்புன வீடியோவ பாத்தேன், கையில புடிச்சு எடுத்திருக்கீங்க, பின்னாடி காத்துல மொத்த தோட்டமும் ஆடுது. கீஃப்ரேமுக்கு நடுவுல பெரும்பாலும் மாறுன இடத்த மட்டும்தான் அனுப்புவாங்க, ஆடுற ஒவ்வொரு இலையும் டேட்டா தின்னும், 240பி-ல கத்தி எங்க வெட்டுதுன்னே தெரியாம கட்டம் கட்டமா உடையும். ஸ்டாண்டுல நிறுத்தி, அந்த சாய்வு வெட்ட மட்டும் கிட்டப்போய் எடுங்க, சின்ன சைஸ்லயும் தெரியும். பேச்சு சத்தத்துக்கு மோனோவுல 64 கிலோபிட் தாராளம், அதுல கை வைக்காதீங்க.

டவரே எடுக்காதவங்களுக்கு இறக்கி வெச்சுக்கற பட்டன் ஒண்ணு குடுங்க, இலை போட ஃபேக்டரிக்கு வர்றப்போ 360பி-ல இறக்கிட்டு போய் செடிகிட்ட நின்னே பாத்துக்குவாங்க.