இங்கிலாந்தின் மாவட்ட அணிகள் மோதும் கவுண்டி கிரிக்கெட்டில் மிகக் குறுகிய ஆட்ட வாழ்க்கை யாருடையது?

இந்தக் கேள்விக்கு என் பதில்: பிரெட் ஹைலண்ட். 1924-இல் ஹாம்ப்ஷயர் அணிக்காக நார்த்தாம்ப்டனில் ஒரே ஒரு ஆட்டம். அந்த ஆட்டமும் மொத்தம் 2 ஓவர்தான்!

நார்த்தாம்ப்டன்ஷயர் பேட்டிங். ஹாம்ப்ஷயர் ஃபீல்டிங். 12 பந்துகளில் விக்கெட் விழாமல் 1 ரன். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் ஆட்டம் அதோடு முடிந்தது. ஹைலண்ட் பேட்டும் பிடிக்கவில்லை, பந்தும் வீசவில்லை. அந்த 12 பந்துகளில் ஏதாவது ஒன்று அவர் பக்கம் உருண்டு வந்திருந்தால் அதுவே பெரிய விஷயம்.

சரி, இதையெல்லாம் ஒரு ஆட்டமாகக் கணக்கில் எடுப்பார்களா? எடுப்பார்கள். ஒரு பந்துகூட வீசாமல் கைவிடப்பட்ட ஆட்டம்தான் முதல்தரப் பதிவில் (பல நாள் நடக்கும் உயர்நிலை ஆட்டங்களின் கணக்கில்) வராது. ஒரு பந்து வீசிவிட்டால் போதும், களத்தில் இருந்த பதினொரு பேருக்கும் கணக்கில் ஒரு ஆட்டம் ஏறிவிடும். ஹைலண்டின் பெயர் பதிவேட்டில் நிற்பது இப்படித்தான்: ஆட்டம் 1, மீதி எல்லாம் கோடு.

அவர் பொழுதுபோக்குக்காக ஆடிய கனவான் அல்ல, சம்பளத்துக்கு ஆடிய தொழில்முறை வீரர். அதனால் அந்த மழை அவருக்குக் கொஞ்சம் கூடவே வலித்திருக்கும் என்பது என் ஊகம். பிறகு செஷயரில் நாற்றுப்பண்ணைக்காரராக நல்ல பெயர் எடுத்தார். 1964-இல் 70 வயதில் இறந்தார். மழை கெடுத்த ஆளுக்கு மழையை நம்பும் தொழில்!