மொட்டைமாடி மிளகாயும் கைராசியும்

வணக்கம் ஐயா,

வெள்ளவத்தையில் தொடர்மாடியொன்றின் மேல்தளத்தில் இருக்கிறோம். மே மாதம் மொட்டைமாடியில் ஆறு மிளகாய், நான்கு தக்காளி, நான்கு வெண்டி பைகளில் வைத்தேன். தும்புத்தூளும் மாட்டெருவும் மட்டும் போட்டேன். வெண்டி நன்றாகக் காய்க்கிறது. மிளகாயின் நுனி இலைகள் சுருண்டுவிட்டன. தக்காளி மதாளித்து வளர்ந்து பூக்கிறது, ஆனால் பூவெல்லாம் காம்போடு உதிர்கிறது. தளம் ஊத்தையாகாமல் பைகளுக்கு அடியில் தட்டும் வைத்திருக்கிறேன். எனக்குக் கைராசி இல்லை என்கிறார் மாமி. விட்டுவிடவா?

வாசகி, வெள்ளவத்தை

அன்பின் சகோதரிக்கு,

விடவேண்டாம். வெண்டி காய்க்கிறதென்றால் வெயிலும் தண்ணீரும் போதிய அளவு கிடைக்கின்றன. இதை மாமியிடமும் சொல்லுங்கள்.

தக்காளி காய்க்காமல் போனது காலத்தால். இரவு வெப்பம் 23, 24 பாகைக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் சரியாகச் சேராது; காய் பிடிக்காத பூவைச் செடியே உதிர்த்துவிடும். கொழும்பில் மே, ஜூன் இரவுகள் 25 பாகையை ஒட்டியே நிற்கும். மாட்டெரு கூடினால் இலை மதாளிக்குமே தவிரப் பூ நிற்காது. அடுத்த தடவை நவம்பர் நடுப்பகுதியில் விதைத்து, 25 நாளில் கன்றை மாற்றி நடுங்கள். பூக்கும் காலம் ஜனவரி, பெப்ரவரியில் வரும். இங்கே இரவு கொஞ்சமாவது குளிர்வது அப்போதுதான்.

மிளகாய்க்குத்தான் நிதானம் வேண்டும். சுருண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கம் சுருண்டது என்பதைப் பார்த்துத்தான் வைத்தியம் சொல்லலாம். ஒரு நுனியைக் கையில் பிடித்துப் பாருங்கள். இலையின் இரு ஓரமும் மேல்நோக்கி மடிந்து தோணிபோல இருந்தால் அது இலைப்பேன். கீழே வெள்ளைத் தாளை வைத்து நுனியை இரண்டு தட்டுத் தட்டினால், எள்ளைவிட மெல்லிய மஞ்சள் கீற்றுகள் தாளில் ஓடும். ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, இலை ஒடுங்கி, காம்பு மட்டும் நீண்டிருந்தால் சிற்றுண்ணி. அதைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். இலை சிறுத்து, மஞ்சள் பாய்ந்து, செடியும் குள்ளமாகிவிட்டால் வெண் ஈ கொண்டுவந்த வைரஸ் என்று நினைக்கலாம். அதற்கு மருந்தில்லை. பிடுங்கிப் பையில் கட்டி அகற்றிவிடுங்கள்.

முதல் இரண்டுக்கும், கெட்ட நுனிகளை நறுக்கி எறிந்துவிட்டு வேப்பெண்ணெய் அடியுங்கள். 5 மில்லிலீற்றர் எண்ணெயை அரைத் தேக்கரண்டி திரவச் சவர்க்காரத்தோடு நன்றாகக் குழப்பி, பிறகு ஒரு லீற்றர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். சவர்க்காரம் இல்லாமல் ஊற்றினால் எண்ணெய் பிரிந்து மிதக்கும். அது திட்டாகப் படும் இடத்தில் இலை கருகும். வெயில் சாய்ந்த பிறகு, இலையின் அடிப்புறம் நனைய அடிக்கவேண்டும். ஏழு நாளுக்கொரு தடவையாக மூன்று முறை. ஒரு தடவையோடு நிறுத்துவதுதான் பலரும் விடுகிற பிழை: முட்டைகள் தப்பிவிடும், பத்து நாளில் பழையபடி. அடித்த அன்றே மழை கொட்டினால் திரும்பவும் அடியுங்கள். சிற்றுண்ணி இதற்கு அடங்காவிட்டால் தண்ணீரில் கரைத்து அடிக்கும் கந்தகத் தூள் இருக்கிறது, ஆனால் எண்ணெய் அடித்து இரண்டு கிழமை கழியுமுன் அதைத் தொடவேண்டாம், இலை எரிந்துவிடும். சுருண்ட இலை இனி நிமிராது. புதுத் தளிர் நேராக வந்தால் வைத்தியம் பலித்தது.

பையில் மண்ணே இல்லாதது அடுத்த குறை. தும்புத்தூளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்கவேண்டும். மண், மக்கிய எரு, தும்புத்தூள் மூன்றும் சம பங்கு. மக்காத மாட்டெரு சூடேறி வேரை அவித்துவிடும். மிளகாய்க்கு 12 லீற்றர் பை போதும். ஈரமான மண்ணோடு ஒரு பை 12 கிலோவுக்குக் குறையாது, ஆகவே தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாக வையுங்கள்.

தட்டுகளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். தேங்கிய நீரில் வேர் அழுகும், அதைவிடப் பெரிய ஆபத்து டெங்கு. நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். பையின் கீழ் இரண்டு செங்கல் வைத்தால் நீர் வடிந்துவிடும், துளைகளும் அடைபடாது.

வெண்டியை ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். ஒரு காய் முற்றினாலும் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். காலையில் ஏறினால் அந்த மஞ்சள் பூவையும் நடுவில் கருஞ்சிவப்புக் கண்ணையும் பார்க்கலாம், மாலையில் வாடிவிடும்.

தக்காளிப் பைகள் நவம்பர் வரை சும்மா கிடக்கவேண்டியதில்லை. சந்தையில் வாங்கும் பொன்னாங்காணிக் கட்டில் முற்றிய தண்டுகளை எடுத்து, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். மூன்று நான்கு கிழமையில் முதல் வெட்டு. அடியில் இரண்டு கணு விட்டு வெட்டினால் திரும்பவும் தழைக்கும்.