வேடந்தாங்கல், கோடியக்கரைன்னு அலையாம வீட்டுப் பக்கத்துலயே அபூர்வமான வலசைப் பறவைகளைப் பாக்க முடியுமா?

கேள்விக்குக் கீழ ரெண்டு விஷயம் போட்டிருக்கீங்க. வீட்ல வயசான அம்மா இருக்காங்க, விட்டுட்டு தூரமா எங்கயும் போக முடியாது. அப்புறம், மார்ச் வந்தாலே பறவை சீசன் முடிஞ்சுதுன்னு எல்லாரும் சொல்றாங்க, இனிமே பாக்க என்ன இருக்கு? ரெண்டாவதுக்கு முதல்ல சொல்லிடறேன். சீசன் இன்னும் முடியல. என்னைக் கேட்டா மார்ச் பாதியில இருந்து மே ஆரம்பம் வரைக்கும் உள்ள இந்த டைம்தான் வீட்டை விட்டு நகர முடியாதவங்களுக்கு வருஷத்துலயே பெஸ்ட்டு.

நான் இருக்கறது சென்னை மேடவாக்கம் பக்கம் ஒரு அப்பார்ட்மெண்ட்ல, அதனால சொல்றதெல்லாம் இந்த ஏரியாவை வெச்சுதான். மத்த ஊர்க்காரங்க தேதியை கொஞ்சம் முன்ன பின்ன வெச்சுக்கங்க.

ஏன் பெஸ்ட்டுன்னா, டிசம்பர் ஜனவரில வலசைப் பறவைங்க எல்லாம் ஆளுக்கு ஒரு எடத்தைப் புடிச்சு செட்டில் ஆகியிருக்கும். இலங்கைக்குப் போனது இலங்கையில, டெல்டாவுக்குப் போனது டெல்டாவுல. அதுங்க நம்ம வீட்டுப் பக்கம் வர காரணமே கிடையாது. ஆனா பங்குனி சித்திரையில அத்தனையும் வடக்க திரும்பணும், அப்ப நமக்குத் தெற்க இருக்கறதுல நிறைய நம்ம தலைக்கு மேலதான் போயாகணும். தெக்கத்திக் காத்து அடிக்க ஆரம்பிச்சதும் அதுங்களுக்கும் பின்னாடி இருந்து தள்ளிவிட ஆள் கெடைச்ச மாதிரி. சின்னப் பறவைங்க முக்கால்வாசி ராத்திரிலதான் பறக்கும், விடியக்காலைல கீழ எது பச்சையா தெரியுதோ அதுல எறங்கிடும். கீழ முழுக்க கான்கிரீட்டா இருக்கற ஏரியாவுல எது பச்சை? உங்க அப்பார்ட்மெண்ட் பின்னாடி இருக்கற மாமரமும் ரெண்டு புங்க மரமும்தான்.

இது நிறைய பேருக்குப் புரியறதில்ல. கிண்டி தேசியப் பூங்கா 270 ஹெக்டேர், அதுக்குள்ள ஒரு ஆறுமணிக்குருவி இருந்தா அது எந்தப் புதர்ல இருக்குன்னு யாரு கண்டா. அதே குருவி உங்க காம்பவுண்டுக்குள்ள எறங்குச்சுன்னா ஒளிய எடமே இல்ல, நீங்க பாத்துடுவீங்க. எடம் சின்னதா இருக்க இருக்க நமக்குதான் லாபம். வேடந்தாங்கல் அருமையான எடம், நான் குறை சொல்லல, ஆனா அங்க போறது நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா இதெல்லாம் கூட்டமா கூடு கட்டறதைப் பாக்க. தனியா வழியில எறங்கின ஒத்தைப் பறவையைத் தேடறவங்களுக்கு அது தேவையே இல்லைங்கறது என் அபிப்பிராயம்.

ஆறுமணிக்குருவின்னு சொன்னேன் இல்லையா, இங்கிலீஷ்ல இந்தியன் பிட்டா, தோட்டக்கள்ளன்னும் சொல்லுவாங்க. காலைல வெளிச்சம் வர்ற நேரத்துலயும் சாயங்காலம் மங்கற நேரத்துலயும் ரெண்டு சுரத்துல ஒரு விசில் அடிக்கும், அவ்ளோதான், அப்புறம் நாள் முழுக்க சத்தமே இருக்காது. மைனா சைஸை விட கொஞ்சம் சின்னது, வால்னு ஒண்ணு இருக்கான்னே சந்தேகமா இருக்கும், முதுகு பச்சை, தோள்ல பளிச்னு நீலம், கண்ணு வழியா தடிமனா ஒரு கருப்புப் பட்டை, வயித்தடியில குங்குமச் சிவப்பு. இவ்ளோ கலரை வெச்சுக்கிட்டு காஞ்ச எலைக்கு நடுவுல நின்னா கண்ணுக்கே தெரியாது, அதுதான் அதோட வித்தை. இமயமலை அடிவாரத்துலயும் மத்திய இந்தியாவுலயும் மழைக்காலத்துல கூடு கட்டும், குளிருக்கு தமிழ்நாடு, கேரளா, இலங்கை. ஏப்ரல்ல திரும்பற வழியில எங்க அப்பார்ட்மெண்ட்ல எறங்கறது உண்டு, எறங்கற எடம் எதுன்னா குப்பை உரம் போடற மூலை. அங்கதான் மண்ணு ஈரமா இருக்கும், எலையைப் பொரட்டினா புழு. எங்க வாட்ச்மேன் அண்ணன்தான் முதல்ல பாத்தாரு, கீழ இருந்து போன் பண்ணி "சார், எவனோ வளக்கற குருவி தப்பிச்சு வந்திருக்கு போல, ஒரே கலரா இருக்கு, வந்து புடிங்க"ன்னாரு. "புடிக்க வேணாம்ணா, அது ஊருக்குப் போயிட்டிருக்கு, வழியில எறங்கியிருக்கு"ன்னு சொன்னதுக்கு அவரு ரொம்ப நேரம் யோசிச்சுட்டு "அப்ப ராத்திரிக்கு எங்க சார் தங்கும்?"னு கேட்டாரு. நல்ல கேள்வி. தங்காது, இருட்டினதும் கெளம்பிடும், இல்லைன்னா தீனி பத்தாம ரெண்டொரு நாள் இருந்துட்டுப் போகும். இப்பல்லாம் ஏப்ரல் வந்தா அவரே அந்த மூலையைப் பெருக்க விடறதில்ல.

பெருக்காம விடறதுதான் பாதி வேலை, நெஜமாவே. கொடிக்கால் வாலாட்டின்னு ஒண்ணு இருக்கு, மத்த வாலாட்டிங்க வாலை மேலயும் கீழயும் ஆட்டும், இது மட்டும் பின்பக்கத்தையே இடது வலதா அசைச்சுக்கிட்டு நடக்கும், நெஞ்சுல ரெண்டு கருப்புப் பட்டை. சீனா, கொரியா அந்தப் பக்கம் கூடு கட்டற பறவை, நம்ம மாமரத்தடி சருகுல நின்னுட்டிருக்கும். சருகைக் கூட்டித் தள்ளிட்டா அது எறங்கவே எறங்காது. அதே எடத்துல செந்தலைப் பூங்குருவியும் வரலாம், வந்தா முகத்தை நல்லா பாருங்க: கன்னத்துல ரெண்டு கருப்புக் கோடு இருந்தா தென்னிந்திய வகை, கோடே இல்லாம முகம் முழுக்க ஆரஞ்சா இருந்தா இமயமலைப் பக்கத்துல இருந்து வந்து திரும்பிப் போறது.

சரி, அபூர்வம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? இதுக்கு ஒரே வழி தினமும் வர்றது எதுன்னு மனப்பாடமா தெரியணும், வேற குறுக்கு வழி இல்ல. உதாரணத்துக்கு பழுப்புக் கீச்சான். செப்டம்பர்ல வரும், வந்த உடனே ஒரு கேபிள் ஒயரையோ முருங்கைக் கிளையையோ புடிச்சுக்கிட்டு கரகரன்னு கத்தி இது என் எடம்னு டிக்ளேர் பண்ணும், வருஷா வருஷம் அதே எடத்துக்கே திரும்பி வர்ற பழக்கம் அதுக்கு இருக்குன்னு கால்ல அடையாள வளையம் மாட்டிப் பாத்து கண்டுபுடிச்சிருக்காங்க. ஏப்ரல்ல ஒரு நாள் ஒயர் காலியா இருக்கும். அந்தத் தேதியை எழுதி வெச்சுக்கங்க. அதே மாதிரி வேலிச் செடிக்குள்ள இருந்து டக், டக்னு நாக்கைத் தட்டற மாதிரி சத்தம் வரும், ஆளைப் பாக்க முடியாது, அது பிளித் நாணல் கதிர்க்குருவி. பத்துப் பன்னண்டு கிராம் எடை இருந்தா அதிகம், ரஷ்யா, பின்லாந்து வரைக்கும் போகும். குளிர்காலம் பூரா டக் டக்தான், ஆனா மார்ச் கடைசி ஏப்ரல்ல திடீர்னு பாட ஆரம்பிச்சுடும், ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒத்திகை. இந்த ரெண்டும் மைனா, புல்புல், தையல்சிட்டும் காதுக்குப் பழகிட்டா, புதுசா ஒரு சத்தம் வந்தா தூக்கத்துல கூட எழுந்து உக்காந்துருவீங்க.

இன்னொண்ணு, அபூர்வம்னா பறவை மட்டும் இல்ல, தேதியும்தான். கீச்சான் ஜனவரில இருந்தா யாரும் திரும்பிக் கூடப் பாக்க மாட்டாங்க, ஜூன்ல இருந்தா அது பெரிய செய்தி. 2007ல பெங்களூர்ல என்சிபிஎஸ்ங்கற உயிரியல் ஆராய்ச்சி மையத்துல மைக்ரன்ட்வாட்ச்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, அதுல பொதுமக்கள்கிட்ட கேட்டதே இதுதான், உங்க ஊர்ல இந்தப் பறவையை முதல்ல எப்பப் பாத்தீங்க, கடைசியா எப்பப் பாத்தீங்க. முதல் தேதி எல்லாரும் சொல்லிடுவாங்க, வந்த உடனே சந்தோஷத்துல. கடைசித் தேதி சொல்றது கஷ்டம், அது போனப்புறம்தான் கடைசின்னே தெரியும், தினம் அங்கேயே இருக்கறவங்களாலதான் சொல்ல முடியும். அதாவது உங்களை மாதிரி வீட்டோட இருக்கறவங்களால.

நடந்து போற தூரத்துல ஒரு ஏரி இருந்தா இன்னும் விசேஷம். எனக்குப் பெரும்பாக்கம் ஏரி, பள்ளிக்கரணை ரெண்டும் பக்கம், பள்ளிக்கரணைக்கு 2022ல ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்புநிலம்ங்கற அங்கீகாரம், கெடைச்சுது, ஆனா நான் போறது ரோட்டோரமா நின்னு பாக்கறதுக்குத்தான், உள்ள எல்லாம் போறதில்ல. வாத்துங்க முதல்ல கெளம்பிடும், ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எல்லாம் பிப்ரவரி மார்ச்சிலயே குறைய ஆரம்பிக்கும், அதைப் பாத்துட்டுதான் ஜனங்க சீசன் முடிஞ்சுதுங்கறாங்க. ஆனா ஏப்ரல்ல தண்ணி வத்தி சேறு வெளிய வரும் பாருங்க, அப்பதான் சேத்துல இரை தேடற உள்ளான் வகையறாவுக்கு விருந்து.

அதுலயும் இந்த டைம்ல அதுங்க டிரெஸ் மாத்திட்டிருக்கும். பொன் உப்புக்கொத்தின்னு ஒண்ணு, குளிர்காலம் முழுக்க மஞ்சப் புள்ளி போட்ட பழுப்புல ரோட்டோர மண்ணு மாதிரி இருக்கும், ஏப்ரல்ல அதுக்கு முகத்துல இருந்து வயிறு வரைக்கும் கருப்பு ஏறும், ஓரத்துல வெள்ளையா ஒரு பார்டர். முதல்ல ஒரே சமயத்துல ஏறாது, மை கொட்டின மாதிரி திட்டுத்திட்டா வரும், ஒரே கூட்டத்துல ஒண்ணு முழுசா கருப்பா நிக்கும், பக்கத்துலயே ஒண்ணு பாதி, இன்னொண்ணு ஆரம்பிக்கவே இல்ல. சைபீரியா, அலாஸ்கா துந்திரப் பகுதியில ஜோடி சேர போட்டுக்கற சட்டை அது, நம்ம பெரும்பாக்கத்து சேத்துல நின்னு போட்டுப் பாத்துட்டிருக்கும். வளைமூக்கு உள்ளான் செங்கல் கலருக்கு மாறும், கருவால் மூக்கனுக்கு கழுத்து செம்பு நிறம், மீசை ஆலாவுக்கு வயிறு கரிச்சாம்பல் ஆகி கன்னம் மட்டும் வெள்ளையா நிக்கும். புத்தகத்துல படமா மட்டுமே பாத்த சட்டையில அதுங்களைப் பாக்க ஐரோப்பாக்காரன் எங்கெங்கயோ போறான், நமக்கு ஏரிக்கரை டீக்கடைக்குப் பக்கத்துல.

சூறைக்குருவியை (ரோஸி ஸ்டார்லிங்) மறந்துடாதீங்க. கல்யாண முருங்கை பூத்திருந்தா அதுல கூட்டமா சண்டை போட்டுக்கிட்டு தேன் குடிக்கும், ஆலம்பழம் அத்திப்பழம்னாலும் வரும். குளிர்காலத்துல அழுக்கா தெரியற ரோஸ், மார்ச் ஏப்ரல்ல சுத்தமா பளிச்னு ஆகிடும். ஏப்ரல் கடைசிக்குள்ள கஜகஸ்தான் பக்கம் போயிடும், ஆடி முடியறதுக்குள்ள முதல் கூட்டம் திரும்பி வந்தாலும் வந்துரும்.

செய்ய வேண்டியதுன்னு கேட்டா: தண்ணி வைங்க. மண் தட்டு, ஆழம் ரெண்டு விரக்கடை போதும், நடுவுல ஒரு கல்லு, நிழல்ல, பூனை பதுங்க எடம் இல்லாத பக்கமா. மேல ஒரு பாட்டில்ல ஓட்டை போட்டு சொட்டுச் சொட்டா விழற மாதிரி தொங்க விட்டீங்கன்னா அந்தச் சத்தத்துக்கே பறவை எறங்கும். தினம் தண்ணியை மாத்துங்க, கொசு வேற. நேரம் காலை ஆறுல இருந்து ஏழரை, அதுக்கு மேல சென்னை வெயில்ல காக்கா கூட வாயைத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்கும். ராத்திரி கோடை மழை பேஞ்சு விட்ட மறுநாள் காலைன்னா கண்டிப்பா பாருங்க, மேல போயிட்டிருந்தது எல்லாம் எறங்கியிருக்க சான்ஸ் அதிகம். எட்டுக்கு நாப்பத்திரெண்டு பைனாகுலர் ஒண்ணு போதும், கேமரா இருந்தா நல்லது, இல்லைன்னா செல்போன்ல ஒரு மங்கலான படமாவது எடுங்க.

ஏன் படம்னா, பாத்ததை இபேர்ட்ல போடுங்க, பறவைப் பதிவுக்கான வெப்சைட், கார்னெல் பல்கலைக்கழகக்காரங்க 2002ல இருந்து நடத்தறது. ஒவ்வொரு ஏரியாவுக்கும் மாசத்துக்கும் எது வழக்கம்னு அதுல ஒரு வரம்பு போட்டிருப்பாங்க, அதைத் தாண்டி ஏதாவது போட்டா விவரம் கேக்கும், அப்புறம் உள்ளூர் ஆளுங்களே செக் பண்ணி மெயில் அனுப்புவாங்க. என்னை நம்பலையான்னு கோவப்படாதீங்க, ரேர்னு சொன்னா கேக்கத்தான் செய்வாங்க. மெர்லின் ஆப்ல சத்தத்தை வெச்சு பேர் சொல்லும், அது ஒரு க்ளூ, அவ்வளவுதான். ஆப் சொல்லிச்சுன்னு பறவையைக் கண்ணால பாக்காம ஒரு அபூர்வப் பறவையை லிஸ்ட்ல ஏத்தறவங்க இருக்காங்க, அவங்களைப் பத்தி நான் இங்க பேசல.

கெடைச்சா இருக்கற சந்தோஷத்துல வாட்ஸ்அப் குரூப்ல லொகேஷன் போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க. ஆறுமணிக்குருவி ராத்திரி பூரா பறந்து வந்து தீனிக்காக எறங்கியிருக்கு, அதைச் சுத்தி பத்து கேமரா நின்னுக்கிட்டு செல்போன்ல அதோட விசிலைப் போட்டு கூப்புட்டா அது சாப்புடவா முடியும்? அடுத்த ராத்திரிக்கு ஓடற பெட்ரோலே அந்தப் புழுதான். நான் அது கெளம்பிப் போனப்புறம்தான் குரூப்ல சொல்றது, திட்டு வாங்கத்தான் செய்யறேன், பரவால்ல.

அம்மாவையும் பால்கனியில உக்கார வெச்சு ஒயர்ல இருக்கற கீச்சானைக் காட்டுங்க. கடைசித் தேதி யார் சரியா சொல்றாங்கன்னு பாப்போம், எனக்கென்னவோ அவங்கதான் ஜெயிப்பாங்கன்னு தோணுது.