பனிமலைச் சாலை: டயரும் சங்கிலியும் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (ஆயர் ஈத்தாம்): ஐயா, அங்கே குளிர்காலமான ஜூலையில் குடும்பத்தோடு நியூசிலாந்தின் மில்ஃபோர்ட் சவுண்டுக்குப் போகிறோம். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியை எடுத்துவிட்டால், பனியில் வழுக்காமலிருக்க டயரில் மாட்டும் சங்கிலித் தொல்லை இராதல்லவா?

பதில்: இராது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தே அனா ஊரிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர் நீளும் அந்தச் சாலையில், மே முதல் நவம்பர் வரை வண்டியில் சங்கிலி இருக்க வேண்டும் என்பது விதி. வழியிலுள்ள பலகை மாட்டச் சொன்னால் மாட்டியே தீர வேண்டும். நான்கு சக்கரங்களும் இழுப்பதால் ஏற்றத்தில் வண்டி எளிதாகக் கிளம்பும், உண்மை. ஆனால் பிரேக்கை மிதித்ததும் வண்டியை நிறுத்துவது உள்ளங்கையளவே தரையைத் தொடும் டயர்தான். அதற்குப் பிடிப்பில்லையென்றால் எந்த வண்டியும் ஒன்றுதான். வழியிலுள்ள ஹோமர் சுரங்கம் நம் பினாங்குக் கொடிமலையைவிட நூறு மீட்டர் சொச்சம்தான் உயரம் என்பதற்காக அலட்சியம் வேண்டாம்.

கேள்வி (பட்டர்வொர்த்): சங்கிலியை எந்தச் சக்கரங்களில் மாட்டுவது?

பதில்: எஞ்சின் இயக்கும் சக்கரங்களில். நம் மைவி கார் போன்ற முன்சக்கர இயக்க வண்டியென்றால் முன்னால். நான்கு சக்கர இயக்கமென்றால் வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. சங்கிலிப் பையை வாங்கும்போதே, டயரின் பக்கவாட்டில் 205/55 ஆர்16 என்பதுபோல் அச்சிட்டிருக்கும் அளவைப் பையிலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் பயணத்தில் நான் பார்க்கவில்லை. சாலையோரப் பனியில் மண்டியிட்டு, விறைத்த விரல்களால் அரைமணி நேரம் இழுத்தும் கடைசிக் கொக்கி வளையத்துக்கு நான்கு விரற்கடை தள்ளியே நின்றபோதுதான், வாடகைக்குக் கொடுத்தவர் ஓர் அளவு சிறியதைக் கொடுத்திருக்கிறார் என்று புரிந்தது. ஆகவே வண்டி எடுக்கும் இடத்திலேயே ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். கையுறையும் கைவிளக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிச் சிறிது தூரம் ஓட்டியதும் இறங்கி, தளர்ந்ததை இறுக்க வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): டென்வரில் படிக்கும் என் மகன் பழைய கார் வாங்கியிருக்கிறான். டயர் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறான். நம்பலாமா?

பதில்: நம் நாட்டுக் கண்ணால் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், இங்கே மலேசியாவில் டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் சட்டம் விட்டுவிடும். டென்வர் இருக்கும் கொலராடோ மாநிலத்தின் ஐ-70 நெடுஞ்சாலையில், மோரிசனுக்கும் டாட்சேரோவுக்கும் இடையே, செப்டம்பர் 1 முதல் மே 31 வரை, குறைந்தது 3/16 அங்குலம், அதாவது ஏறத்தாழ 4.8 மில்லிமீட்டர் பள்ளம் வேண்டும். அதோடு நான்கு சக்கர இயக்கமோ, குளிர்கால டயரோ, 'எம்+எஸ்' (சேறும் பனியும்) குறியுள்ள டயரோ இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டியில் சங்கிலி இருக்க வேண்டும். 'எம்+எஸ்' குறியைச் சட்டம் ஏற்கிறது, நான் அவ்வளவாக ஏற்பதில்லை. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த குறிதான் பனியில் ஓட்டிச் சோதித்ததற்கு அடையாளம். அதையே வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): டிசம்பரில் ஹொக்கைடோ செல்கிறோம். சங்கிலி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அங்கே குளிர்காலத்தில் வாடகை வண்டிகளைப் பனி டயரோடுதான் தருவார்கள்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): அந்தப் பனி டயரையே கேமரன் மலைக்கும் பயன்படுத்தினால் மழையில் நல்ல பிடிப்புக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. ஏறத்தாழ 7 பாகை செல்சியஸுக்குக் கீழேயும் இறுகாதிருக்கச் செய்த மென்மையான ரப்பர் அது. நம் வெயிலில் குழைந்து, சீக்கிரம் தேய்ந்துவிடும். கேமரனுக்குச் சாதாரண டயரே போதும். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதிக்காமல், கியரைக் குறைத்து இறங்குங்கள்.