கைதட்டல் வேறு, கையெழுத்து வேறு

கேள்வி: பள்ளி, கல்லூரிப் பேச்சுப்போட்டிகளில் நிறையப் பரிசு வாங்கியவன் நான். இப்போது பனியன் கம்பெனியில் தரப் பிரிவில் வேலை. தையல் லைனுக்குள்ளேயே செக்கிங் வைக்க, லைனுக்கு இரண்டு ஆள் கேட்டு எம்.டி.யிடம் இருபது நிமிடம் பேசினேன். ஒரு லைனில் நாளைக்கு 1,200 பீஸ். நூற்றுக்கு ஆறு ஆல்டரேஷனுக்குத் திரும்புகிறது. ஒரு பீஸைப் பிரித்துத் தைத்து மறுபடி செக் செய்ய எட்டு நிமிடம். எல்லாம் சொன்னேன். "நல்லா பேசினீங்க" என்றார், ஆள் தரவில்லை. பேசும்போது கை வேறு நடுங்குகிறது. மூன்று நாள் பேச்சுப் பயிற்சி, 40 பேர், 12,000 ரூபாய் என்கிறார்கள். சேரலாமா? அடுத்த முறை ஆங்கிலத்தில் பேசினால் எடுபடுமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் எம்.டி. செய்தது சரி. நானாக இருந்தாலும் ஆள் தந்திருக்க மாட்டேன்.

நீங்கள் கொடுத்த எண்களையே பெருக்கிப் பாருங்கள். 1,200இல் நூற்றுக்கு ஆறு என்றால் 72 பீஸ். பீஸுக்கு எட்டு நிமிடம் வீதம் 576 நிமிடம். எட்டு மணி ஷிப்ட் 480 நிமிடம். ஆக, ஒரு லைனின் மொத்த ஆல்டரேஷனும் தின்பது ஒன்றேகால் ஆள் வேலைகூட இல்லை. அதை நிறுத்த இரண்டு ஆள் கேட்டிருக்கிறீர்கள். நாளையே ஆறு பூஜ்யமானாலும் கம்பெனிக்கு நட்டம்தான். நீங்கள் தரத்தின் மேன்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் இந்தக் கணக்கை மனசுக்குள் போட்டு முடித்திருப்பார். டெய்லர் கூலிக்கும் செக்கர் கூலிக்கும் வித்தியாசம் உண்டே என்பீர்கள். உண்டு. அதையும் நீங்கள்தான் போட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

இதையே ஒரு செக்கர், பக்கத்துப் பக்கத்து இரண்டு லைன் என்று மாற்றுங்கள். அவர் மேஜையில் உட்காரக் கூடாது. மெஷின் மெஷினாகச் சுற்றி, ஒவ்வொன்றிலும் அப்போது தைத்து விழுந்த சில பீஸைப் பார்க்க வேண்டும். துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் நூல் டென்ஷன் (இறுக்கம்) தவறினால் கடைசி மேஜையில் அது தெரிவதற்குள் கட்டுக் கட்டாகப் போய்விடுகிறது. மெஷினிலேயே பிடித்தால் நாலைந்து பீஸோடு நிற்கும். ஆறு மூன்றாகக் குறைந்தால் லைனுக்கு 288 நிமிடம் மிச்சம், அடுத்த லைனும் இதே நிலையில் இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து 576. செலவு 480. இப்போதுதான் உங்களிடம் பேச ஒரு விஷயம் இருக்கிறது.

இன்னும் பெரிய எண் ஒன்றை நீங்கள் தொடவே இல்லை. ஆல்டரேஷன் பீஸ் கடைசியில் வந்து சேருவதால் பெட்டி மூட முடியாமல் நின்ற ஷிப்மென்ட் கடந்த ஆறு மாதத்தில் எத்தனை? அதனால் கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்பியது உண்டா? உண்டென்றால் அந்த பில் அக்கவுண்ட்ஸில் இருக்கும். அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

பேச்சுப்போட்டி உங்களைக் கெடுத்திருக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். போட்டியில் மார்க் போடுகிறவருக்கு நீங்கள் சொல்வதால் ஒரு பைசா செலவில்லை. எம்.டி.க்கு ஒவ்வொரு வாக்கியமும் செலவு. மேடையில் குறளில் தொடங்கி, மெல்ல ஏறி, உச்சத்தில் முடிப்பீர்கள். அலுவலக அறையில் இருபது நிமிடம் என்பது ஒரு போன் வந்தால் நாலு நிமிடம். அதனால் உச்சத்தை முதல் வாக்கியத்தில் வையுங்கள்: "சார், 4ஆம் லைனுக்கும் 5ஆம் லைனுக்கும் சேர்த்து ஒரு செக்கர், மூன்று வாரத்துக்கு மட்டும் வேண்டும்; ஆறு பர்சன்ட் மூன்றாகக் குறையாவிட்டால் நானே நிறுத்திவிடுகிறேன்." யார், என்ன, எத்தனை நாள், எப்போது கைவிடுவது, எல்லாம் அதில் இருக்கிறது. மூன்று வாரச் சோதனையை மறுக்க அவருக்கும் ஒரு காரணம் தேவைப்படும். அந்தக் காரணத்தை முந்திக்கொண்டு நீங்களே சொல்லிவிடுங்கள்: "லைன் சூப்பர்வைசர், செக்கர் வந்தால் புரொடக்ஷன் குறையும் என்பார்..." என்று தொடங்கி அதற்குப் பதிலும் சொல்லுங்கள். அதைவிட நல்லது, அந்த சூப்பர்வைசரிடம் முந்தின நாளே போய்ப் பேசிவிடுவது. அறைக்குள் அவர் முதன்முதலாகக் கேள்விப்பட்டால் எதிர்க்கத்தான் செய்வார்.

ஆங்கிலமா என்றால், உங்கள் எம்.டி. ஆத்திரப்படும்போது எந்த மொழியில் திட்டுகிறாரோ அந்த மொழியில் பேசுங்கள். நீங்கள் மாற்ற வேண்டியது உங்கள் தமிழைத்தான். எழுதி மனப்பாடம் செய்கிறவர்கள் 'ஆகையினால்', 'மேற்கொள்ளப்படும்' என்று எழுத்துத் தமிழில் உருப்போடுகிறார்கள். நடுவில் ஒரு சொல் மறந்ததும் 'அது வந்து சார்' என்று பேச்சுத் தமிழுக்குக் குதிக்க வேண்டியிருக்கிறது. கேட்கிறவருக்கு அந்தத் தையல் பிரிவது தெரியும். முழுசாகப் பேச்சுத் தமிழிலேயே தயாரித்தால் மறந்தாலும் ஒட்டுப்போடலாம். அடுக்குமொழிக்குப் பேர்போன அண்ணாவே 1962இல் மாநிலங்களவையில் பேசியது ஆங்கிலத்தில், வாதமாக. அவை வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மனப்பாடம் செய்ய வேண்டியது மூன்றே வாக்கியம்: முதல் இரண்டு, கடைசி ஒன்று. இடைப்பட்டதற்கு ஐந்து சொல் எழுதிய அட்டை போதும். அட்டை என்றுதான் சொல்கிறேன். மெல்லிய ஏ4 தாள் விரல் நடுக்கத்தைப் பத்து மடங்காகக் காட்டிக்கொடுக்கும். நடுக்கம் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நிமிடத்தோடு அடங்கும். அதைக் கடக்கத்தான் அந்த முதல் இரண்டு வாக்கியம். உள்ளே போகுமுன் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்து ஐந்தாறு முறை செய்யுங்கள். நின்றுகொண்டு, சத்தமாக, ஐந்து முறை ஒத்திகை பாருங்கள். கண்ணாடி முன் வேண்டாம், கவனம் முகத்துக்குப் போய்விடும். போனில் பதிவு செய்து 'வந்து', 'அதாவது', 'ஆக்சுவலா' எத்தனை என்று கோடு போட்டு எண்ணுங்கள். அந்தச் சொல் வாயில் வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்ளுங்கள்; மருந்து அவ்வளவுதான். ஆங்கிலப் பயிற்சி நூல்கள் சொல்லும் நிமிடத்துக்கு 130, 150 சொல் என்ற கணக்கு தமிழுக்கு ஆகாது. நம் சொற்கள் விகுதி ஒட்டி ஒட்டி நீளும். உங்கள் வேகத்தில் ஒரு நிமிடம் பேசிப் பதிந்து, சொல்லை எண்ணி உங்கள் அளவை நீங்களே கண்டுபிடியுங்கள்.

பயிற்சி வகுப்புக்கு வருகிறேன். மூன்று நாள், நாளைக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் 18 மணி. பயிற்சியாளர் பேசுவது பாதி (குறைத்துத்தான் சொல்கிறேன்). மீதி 540 நிமிடத்தை 40 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பதின்மூன்றரை நிமிடம். 12,000 ரூபாய்க்கு நீங்கள் எழுந்து நிற்கப்போவது அவ்வளவுதான். எந்த வகுப்பானாலும் "நான் எத்தனை முறை பேசுவேன், யார் திருத்துவார்?" என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். 1924இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி கிளப்புகளில் ஐந்திலிருந்து ஏழு நிமிடப் பேச்சுக்கு ஐந்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு விளக்கு காட்டுவார்கள். 'ஆ', 'ம்' எண்ணுவதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருப்பார். தமிழில் நடக்கும் கிளப்புகளும் உண்டு.

எம்.டி. சரி என்றால் அன்று மாலையே அரைப் பக்கம் எழுதி அனுப்பிவிடுங்கள்: என்ன முடிவு, எந்தத் தேதி முதல், யார் பொறுப்பு. அதற்கு முன் அந்த 'நூற்றுக்கு ஆறு' எங்கிருந்து வந்தது என்று பார்த்துவையுங்கள். ஒரு நாள் பார்த்துச் சொன்னதா, ஒரு வாரம் எண்ணியதா? அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.