மோல் கணக்கும் கிராம் கணக்கும்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் முதலாண்டு வேதியியல் படிக்கிறேன். வாய்பாடுகள் மனப்பாடம், சமன்பாட்டைச் சமன்செய்யவும் வரும். கணக்கு என்றால் மட்டும் விடை தப்பிவிடுகிறது. 28 கிராம் நைட்ரஜனும் 3 கிராம் ஹைட்ரஜனும் சேர்ந்தால் அதிகபட்சம் எவ்வளவு அம்மோனியா கிடைக்கும் என்று கேட்டிருந்தார்கள். விகிதம் 1:3 அல்லவா? 3 கிராம் ஹைட்ரஜனுக்கு 1 கிராம் நைட்ரஜன், ஆக 4 கிராம் என்று எழுதினேன். தவறாம். எங்கே பிசகியது?

எஸ்

அன்புள்ள எஸ்,

சமன்பாடு வரை சரிதான். ஒரு நைட்ரஜன் மூலக்கூறும் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் சேர்ந்து இரண்டு அம்மோனியா மூலக்கூறுகள். ஆனால் அந்த 1, 3, 2 எல்லாம் எண்ணிக்கை. அதைக் கிராமுக்குப் போட்டுவிட்டீர்கள். ஒரு நைட்ரஜன் மூலக்கூறு ஹைட்ரஜன் மூலக்கூறைப்போல 14 மடங்கு கனம்.

மனம் தளராதீர்கள். எடையிலிருந்து எண்ணிக்கைக்குப் போகும் வழி தெரியாமல் வேதியியலே அரை நூற்றாண்டு தடுமாறியது. நீரில் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன் இருப்பதை நிறுத்து அறியலாம். எத்தனை அணுவுக்கு எத்தனை அணு என்பதை எந்தத் தராசு சொல்லும்? அணுக்கொள்கையை முன்வைத்த டால்டன் ஒன்றுக்கு ஒன்று என்றே கொண்டார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்று 1811இல் இத்தாலிய அறிவியலாளர் அவகாட்ரோ சொன்னார். அப்படியானால் சம பருமன் வாயுக்களை நிறுத்தே மூலக்கூறுகளின் எடையை ஒப்பிடலாம். பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியலாளர் மாநாட்டில் இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ அதை முன்வைத்து வாதாடிய பிறகுதான் அணு நிறைகள் ஒழுங்குக்கு வந்தன. நீரின் வாய்பாட்டில் ஹைட்ரஜனுக்குக் கீழே நாம் போடும் அந்த 2, அவ்வளவு பாடுபட்டு நிலைபெற்றது.

ஆகவே கிராமைக் கண்டதும் மோலாக மாற்றிவிடுங்கள். மோல் என்பது டஜனைப்போல ஓர் எண்ணிக்கை; எந்த வாயுவானாலும் ஒரு மோலில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே. 28 கிராம் நைட்ரஜன் 1 மோல். ஹைட்ரஜனில் 1 மோல் 2 கிராம், ஆக 3 கிராம் 1.5 மோல். இப்போது விகிதத்தைப் போடலாம். 1 மோல் நைட்ரஜனுக்கு 3 மோல் ஹைட்ரஜன் வேண்டும், இருப்பதோ பாதி. முதலில் தீர்வது ஹைட்ரஜன். விளைச்சலைக் கட்டுப்படுத்துவதும் அதுவே. 1.5 மோல் ஹைட்ரஜனுக்கு 1 மோல் அம்மோனியா, அதாவது 17 கிராம். நைட்ரஜனில் 14 கிராம் மிச்சம்.

மொத்த நிறையைக் கூட்டிச் சரிபார்க்கச் சொல்வார்கள். 17, 14 சேர்ந்து 31, தொடக்கத்திலும் 31. நல்ல பழக்கம்தான், ஆனால் போதாது. உங்கள் 4 கிராமும் மிச்சம் 27 கிராமும் சேர்ந்தாலும் அதே 31 வரும். ஆகவே தனிமம் தனிமமாகப் பாருங்கள். 17 கிராம் அம்மோனியாவில் ஹைட்ரஜன் 3 கிராம் என்றால், உங்கள் 4 கிராமில் ஏறத்தாழ 0.7 கிராம்தான் இருக்க முடியும். நீங்கள் அதற்குள் வைத்தது 3 கிராம்.